செருப்பு அலமாரியின் மேல்தட்டு

மூன்று வயதில் சுமையா
போனில் தலையாட்டிப் பதில் சொன்னாள்.
"சாப்பிட்டியாம்மா?" ஜுபைலில் இருந்து வாப்பா.
இவள் ஆட்டுகிறாள், கழுத்து வலிக்கும் அளவுக்கு.
"சுமையா? லைன்ல இருக்கியா?"
இன்னும் பலமாக ஆட்டுகிறாள்.
தனக்குத் தெரிவது உலகத்துக்கே தெரியும்
என்கிறதில்
அப்படி ஒரு நிம்மதி.

நான் பிள்ளைகளின் தலையில் கம்பி ஒட்டுகிறவள்.
சல்மானியா பக்கம் ஒரு கிளினிக், இரண்டாம் மாடி.
இருபத்தொரு புள்ளி, பசை, வலைத்தொப்பி,
அழாமல் இருக்க ஒரு மீன் பொம்மை.
கண்ணை மூடினால் பின்மண்டையில் எழும் அலை
மூன்று வயதில் நொடிக்கு எட்டு.
வளர வளர ஒன்று கூடும், இன்னொன்று கூடும்,
பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.
காகிதத்தில் இவ்வளவுதான் விழும்.
டாக்டர் கையெழுத்துப் போடுவார்.

ஆகஸ்டில் ஏசி ஒழுகி
குதைபியா வீட்டுச் செருப்பு அலமாரியின்
கீழ்த்தட்டு ஊறிப்போனது.
அவருடைய ரப்பர் செருப்பை மேலே மாற்றினோம்,
நானும் அவளும், ஒரு புதன்கிழமை.
"வாப்பா வந்தா எங்க தேடுவாங்க?"
சும்மா கேட்டேன்.
போன வருஷம் என்றால் "மேல" என்றிருப்பாள்,
செருப்பு இருக்கிற இடம்தானே.
இப்போது நாலரை.
அலமாரியைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள்.
பாலத்துக்கு அப்பால்
இதெல்லாம் தெரியாத ஒரு தலை இருப்பதை
எப்படியோ பார்த்தாள்.
"கீழதான் தேடுவாங்க," என்றாள்.
"பாவம்."

வியாழன் இரவு. பாலத்தில் மூன்று மணி நேரம் நெரிசல்.
வந்தவர் குனிந்து கீழ்த்தட்டைத் துழாவுகிறார்.
பாவம் என்றவள்
வாயைப் பொத்திக்கொண்டு சோபாவுக்குப் பின்னால்.
சொல்லவில்லை. முழுசாக ஒரு நிமிஷம் சொல்லவில்லை.
பிறகு, தாங்க முடியாமல்:
"நாங்க மேல மாத்திட்டோமே!"

நாங்க.

கீழ்வீட்டு லுல்வாவோடு ஆடும்போது இஹ்னா.
நர்சரியில் வீ.
அவை இரண்டும் ஒரே பெரிய ஹால்,
யார் வந்தாலும் உட்காரலாம்.
நம் பேச்சில் ஹாலுக்கு நடுவே ஒரு கதவு வைத்திருக்கிறார்கள்.
இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் நாங்க.
வாயைத் திறக்குமுன்
கேட்கிறவர் உள்ளேயா வெளியேயா என்று
ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.
யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.
எண்ணிவிட்டாள்.
கணக்கு சரி. புதன்கிழமை அவர் இங்கே இல்லை.

அவர் சிரித்தார், நன்றாகத்தான் சிரித்தார்.
ஒரு காலில் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டு
"நீங்களா மாத்துனீங்க?" என்றார்.
அந்த நீங்களில் மரியாதை ஏதும் இல்லை, வெறும் பன்மை.
ராத்திரி சோற்றில் அவள்
"நாம நாளைக்கு பீச் போவோமா" என்றபோது
அவர் தலை நிமிர்ந்த வேகத்தை
நான் பார்த்தேன்.

சனி மாலை கிளம்பினார்.

திங்கள் இரவு போன், ஸ்பீக்கரில்.
"சாப்பிட்டியாம்மா?"
வாய் நிறைய சோறு. விழுங்க நேரமில்லை.
அந்தப் பக்கம் மௌனம் தொடங்குமுன்,
பருக்கை சிதற,
"வாப்பா, நான் தலையாட்டுறேன்.
ஆமான்னு."

"உம்மா நல்லா இருக்காங்களா?"
நானும் தலையாட்டினேன்.
அவள் போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
"உம்மாவும் ஆட்டுறாங்க," என்றாள்.
இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு,
குரலைத் தாழ்த்தி,
"மெதுவாத்தான் ஆட்டுறாங்க."